பெரியவர முதல்ல போட்டுடலாம்

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாருக்கும் கண் சொருகிக்கொண்டிருந்த நேரத்தில், ஹெட்போனுக்குள்ளிருந்து அம்மா பேசினாள்.

“பெரியவர முதல்ல போட்டுடலாம். அவர சீக்கிரம் முடிச்சுட்டா, அப்புறம் நம்ம ஆளுங்கள எறக்கலாம்.”

தூக்கம் போன இடம் தெரியவில்லை. டிகிரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஒலியைப் பின்னால் தள்ளி இன்னொரு தடவை ஓடவிட்டாள். சந்தேகமே இல்லை. காலையில் “டிபன் பாக்ஸ மறந்துட்டுப் போறியேடி, தலை இருக்கா கழுத்து மேல?” என்று தெருமுனை வரைக்கும் துரத்திய அதே குரல். பின்னணியில் தொப்புத் தொப்பென்று ஏதோ புரளும் சத்தம். அதுவும் தெரிந்த சத்தம்தான். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துப் பெரிய மெஷின், ஈரப் போர்வைகளைப் புரட்டிப்போடும் சத்தம்.

டிகிரி என்பது அந்தச் சலவைக்கூடத்துப் பெண்கள் அவளுக்கு வைத்த பெயர். அவள் வம்சத்தில் காலேஜ் வாசலை உள்ளே இருந்து பார்த்த முதல் ஆள் அவள். அதனால் அந்தப் பெயரில் பாதி பெருமை, மீதி நக்கல். அவளுக்கு இரண்டுமே பிடிக்காது. ஆனால் ஒட்டிக்கொண்டுவிட்டது.

அவள் வேலை பார்க்கும் இடத்தின் வாசலில் ‘மொழிச் சேவை மையம்’ என்று போர்டு. ஏதோ திருக்குறள் வகுப்பு நடக்கிற இடம் மாதிரி இருக்கும். உள்ளே போனால் சுவரைப் பார்த்தபடி வரிசையாக நாற்காலிகள், தலைக்கு மேலே கேமரா. போலீஸ் இலாகா ஒட்டுக்கேட்டுப் பதிவு செய்து அனுப்பும் பேச்சுகளைக் கேட்டு எழுத்தாக்குவது வேலை. அதிலும் ஒரு கண்டிப்பு உண்டு. பேசியது பேசியபடி எழுதக் கூடாது. நீதிபதி படிக்கிற தாள் கௌரவமாக இருக்க வேண்டும், நல்ல தமிழில் மாற்றித்தான் எழுத வேண்டும். அதனால் அந்த ஆபீஸ் தாள்களில் பிக்பாக்கெட் அடிப்பவன்கூடப் புலவர் மாதிரிதான் பேசுவான். “டேய் மாட்டிக்கினோம்டா, ஓடிடு” என்று ஒருவன் அலறியிருந்தால், “நண்பா, நாம் அகப்பட்டுக்கொண்டோம், நீ ஓடிவிடு” என்று தாளில் இருக்கும். கெட்ட வார்த்தை வந்தால் ‘தாயைப் பழிக்கும் சொல்’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போக வேண்டும்.

ஒருத்தி டைப் அடிப்பாள். இன்னொருத்தி தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒலியைக் கேட்டு, சரியாக இருந்தால் அடியில் ‘ஒத்தது’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவாள். இல்லையென்றால் ‘ஒவ்வாதது’ என்று எழுதலாம். எழுதலாம் என்று விதி இருந்தது, அவ்வளவுதான். அவள் வந்த நாளிலிருந்து யாரும் எழுதிப் பார்த்ததில்லை.

இன்றைக்கு டிகிரிக்கு ஒத்துப்பார்க்கிற முறை. டைப் அடித்தவள் பக்கத்து நாற்காலி. சோடாபுட்டிக் கண்ணாடி போட்டிருப்பாள், ஆபீஸே அவளைக் கண்ணாடி என்றுதான் கூப்பிடும். டிகிரி அவள் அடித்த தாளைப் பார்த்தாள்.

‘பெரியவரை முதலில் கொன்றுவிடலாம். அவரை விரைவில் ஒழித்துவிட்டால், பிறகு நமது அடியாட்களை இறக்கலாம்.’

அந்த வரியை விரலால் தொட்டுக்கொண்டே மறுபடி படித்தாள்.

நாட்டை ஆள்பவரைப் பெயர் சொல்லி எழுதப் பத்திரிகைகளுக்கு வெட்கம் வந்து கொஞ்ச காலம் ஆகிவிட்டது. ‘பெரியவர் திறந்துவைத்தார்’, ‘பெரியவர் மனம் வருந்தினார்’ என்றுதான் எழுதினார்கள். இந்தத் தாளைப் படிக்கிற எவனுக்கும் பெரியவர் என்றால் அந்தப் பெரியவர்தான். ஆனால் சலவைக்கூடத்துக்கு வேறொரு பெரியவர் இருந்தார். பாய்லர் ஓட்டி ரிட்டயரானவர், சங்கத் தலைவர். மைக்கைக் கையில் கொடுத்தால் உலகத்தில் சோப்பு கண்டுபிடித்த காலத்திலிருந்து ஆரம்பிப்பார். அவரைக் கடைசியில் பேசவிட்டால் கூட்டம் பாய் சுருட்டிக்கொண்டு போய்விடும். அதனால் எந்தக் கூட்டமானாலும் அவரை முதலில் போட்டு, துண்டுச்சீட்டு நீட்டிச் சீக்கிரம் முடித்து, அப்புறம் நன்றாகப் பேசுகிறவர்களை இறக்குவார்கள். இது சலவைக்கூடத்தில் பச்சைக் குழந்தைக்கும் தெரிந்த சங்கதி.

அப்படியென்றால் கூட்டம் நடக்கப் போகிறது. அம்மா அதை நடத்தப் போகிறாள்.

டிகிரிக்கு இப்போதுதான் ஒவ்வொன்றாக உறைத்தது. அமைதிச் சட்டம் வந்த பிறகு, அனுமதி இல்லாமல் பொது இடத்தில் ஒரு கோரிக்கையோடு நின்றாலே குற்றம். அனுமதி கேட்டால் கொடுப்பதில்லை. சலவைக்கூடத்தில் பிழிகிற மெஷினைப் பார்த்துக்கொள்ளும் ஒரு அக்கா, ‘மருந்துத் தண்ணியில் கை வெந்துபோச்சு, கையுறை கொடு’ என்று அட்டையில் எழுதி ஆஸ்பத்திரி வாசலில் தனியாக நின்றார். கத்தவில்லை, கல் எறியவில்லை. நின்றார். கொண்டுபோனவர்கள் இன்னும் விடவில்லை. அன்றிலிருந்து அம்மா வீட்டில் அதிகம் பேசவில்லை. “ஞாயித்துக்கிழமை எனக்கு ஓவர்டைம்” என்று மட்டும் சொன்னாள். டிகிரியும் நம்பினாள்.

நம்பாமல் என்ன செய்ய? அவள் மட்டும் அம்மாவிடம் உண்மையா சொல்லியிருந்தாள்? “ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டெல்லாம் டைப் அடிக்கிற ஆபீஸ்மா” என்றுதான் சொல்லி வைத்திருந்தாள்.

ஒலியை மறுபடி முதலிலிருந்து கேட்டாள். அம்மா பேசுவதற்கு முன்னால் ஒரு சிரிப்பு. பல பேர் சேர்ந்து சிரிக்கிற சிரிப்பு. அது ஆரம்பத்திலிருந்து வரவில்லை, நடுவிலிருந்து வருகிறது. யாரோ அதற்கு முன்னால் இருந்ததை வெட்டியிருக்கிறார்கள். அங்கே என்ன இருந்திருக்கும் என்று அவளுக்குக் கேட்காமலே தெரியும். பெரியவரின் சோப்புப் புராணத்தை யாரோ நடித்துக் காட்டியிருப்பார்கள்.

இது போன் பேச்சும் இல்லை. மெஷின் சத்தம் கிட்டத்தில் கேட்கிறது. அந்தக் கூடத்துக்குள் நின்றுகொண்டு, சிரித்தவர்களோடு சேர்ந்து சிரித்துக்கொண்டு, ஒரு ஆள் பதிவு செய்திருக்கிறது.

சரி, அதை விடு. இத்தனை பேர் இருக்கும்போது இந்தத் தாள் என் மேஜைக்கு ஏன் வந்தது?

கண்ணாடியைத் திரும்பிப் பார்த்தாள். கண்ணாடியும் இவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டென்று திரும்பிக்கொண்டாள். மேலே கேமராவின் சிவப்பு விளக்கு. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் மேலதிகாரி பஞ்சு சார், டீயை ஆற்றிக்கொண்டே இந்தப் பக்கம் பார்த்தார். குரலை உயர்த்தவே மாட்டார், வார்த்தை பஞ்சு மாதிரி விழும், அதனால் அந்தப் பெயர். பஞ்சுக்குள்தான் ஊசியைச் செருகி வைப்பார்கள் என்று டிகிரிக்கு அன்றைக்குத்தான் தோன்றியது.

காது வலிக்கிறது, நாளைக்கு முடிக்கிறேன் என்று சொல்லித் தாளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

வீடு என்றால் ஒரே அறை, ஒரு மூலையில் அடுப்பு. அம்மா வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் டிகிரி இரண்டு போனையும் எடுத்துக் குளியலறையில் பக்கெட்டைக் கவிழ்த்து அதற்கடியில் வைத்தாள். பிறகு மிக்ஸியைப் போட்டாள்.

“என்னடி, வெறும் மிக்ஸிய ஓட்டற? காத்தையா அரைக்கிற?”

“கிட்ட வாம்மா.”

“இங்கேர்ந்தே கேக்குது, சொல்லு.”

“கேக்கக் கூடாதுன்னுதான் ஓட்டறேன். வா.”

அம்மா வந்தாள். சோப்பும் நீராவியும் கலந்த வாசனையும் கூடவே வந்தது. டிகிரி அவள் காதருகே குனிந்தாள்.

“ஞாயித்துக்கிழமை உனக்கு ஓவர்டைம் இல்ல.”

“யாரு சொன்னா?”

“நீதான் சொன்ன.”

“நான் எப்பச் சொன்னேன்?”

“பெரியவர முதல்ல போட்டுடலாம்னு சொன்னியே. அப்ப.”

 சலவைக்கு வந்த துணியில் கறை இருந்தால் அம்மா வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ரத்தமா மருந்தா என்று பார்ப்பாள். அப்படித்தான் மகளைப் பார்த்தாள்.

“உங்க ஆபீஸ்ல ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டுன்னுதானே சொன்ன?”

“நீ ஓவர்டைம்னுதானே சொன்ன?”

“அது வேற பொய்டி. இது வேற பொய்.”

டிகிரி தாளில் இருந்ததைச் சொன்னாள். கொன்றுவிடலாம். ஒழித்துவிட்டால். அடியாட்கள். அம்மாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது.

“நம்ம பெரியவரயா? அவரக் கொல்றதுக்கு ஆள் எதுக்கு, பேசவிடாம பத்து நிமிஷம் ஒக்கார வச்சா தானே போயிடுவாரே.” சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். எந்தப் பெரியவர் என்று புரிந்துவிட்டது.  “அடப்பாவிங்களா.”

“அன்னிக்குக் கூடத்துல யார் யாரு இருந்தீங்க?”

“எதுக்கு?”

“உள்ள இருந்த ஆள்தான்மா ரெக்கார்ட் பண்ணியிருக்கு. யாருன்னு கண்டுபிடிக்க வேணாமா?”

“கண்டுபிடிச்சு? பேர எழுதிட்டுப் போயி உங்க சாருகிட்ட குடுக்கவா?”

மிக்ஸி ஓடிக்கொண்டே இருந்தது. டிகிரிக்குக் கன்னத்தில் அறை வாங்கியதுபோல இருந்தது.  அம்மா கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை என்பதுதான் அதிகம் எரிந்தது.

அம்மா குரலைத் தணித்தாள். “பெரிய பெட்ஷீட்ட ஒருத்தி மடிக்க முடியாதுடி. எதிர்ல ஒருத்தி நின்னு அந்த ரெண்டு முனையப் பிடிக்கணும். அவ கைய நம்பாம நான் எப்பிடி வேல பாக்கறது?”

“அதுல ஒரு கைதான் இத பண்ணியிருக்கு.”

“இருக்கலாம். அதுக்காக எல்லாக் கையையும் மோந்து பாக்கச் சொல்றியா?”

பக்கத்து வீட்டிலிருந்து சுவரைத் தட்டி, “என்னக்கா, மிக்ஸில கல்லையா போட்டீங்க?” என்று கேட்டார்கள். “ஆமா, அம்மிக்கல்லு!” என்று அம்மா திருப்பிக் கத்தினாள். கேட்டது தூக்கம் கலைந்த பாவப்பட்ட மனுஷியா, இல்லை அதுவும் ஒரு காதா என்று டிகிரிக்கு யோசனை போயிற்று. இப்படியே போனால் சுவரில் ஊர்கிற பல்லியைக்கூட நிறுத்தி விசாரிக்க வேண்டியதுதான்.

“கூட்டத்த நிறுத்திடும்மா. இது நின்னதுக்குப் போடற கேஸு இல்ல. கொலச் சதி. ஆயுசு பூரா வெளிய வர முடியாது.”

“நிறுத்தினா மட்டும்? விஷயம் வெளிய தெரிஞ்சதும் பயந்து கலைஞ்சுட்டாங்கன்னு எழுதுவான். அவன் எழுதின பொய்ய நானே நெசமாக்கித் தரணுமா? அட்டை பிடிச்சு நின்னவ உள்ள கெடக்குறா. அவ நின்னதுக்கு உள்ள போனா. நிக்கறது தப்பில்லன்னு சொல்லத்தான் நாங்க நிக்கப்போறோம். நாங்களும் நிக்கலன்னா, நிக்கறது தப்புதான்னு நாங்களே ஒத்துக்கிட்ட மாதிரி.”

“அப்ப நான் என்ன பண்ணட்டும்?”

“டிகிரி படிச்சது நீயா நானா?” என்றாள் அம்மா. பிறகு கொஞ்சம் யோசித்து, “நான் சொன்னத நான் சொன்ன மாதிரியே எழுது. அழகாவும் எழுதாத, அசிங்கமாவும் எழுதாத” என்றாள்.

மிக்ஸியிலிருந்து கருகல் வாசனை வந்தது. அம்மா போய் ஸ்விட்சை அணைத்தாள். மறைக்கச் சத்தம் இல்லாததால் பேச்சும் அதோடு முடிந்தது.

மறுநாள் சனிக்கிழமை. வாசலில் செக்யூரிட்டியிடம் போனைக் கொடுத்துவிட்டு உள்ளே போனதும் தண்ணீர் கேன் பக்கத்தில் கண்ணாடி நின்றாள். காத்திருந்த மாதிரி இருந்தது.

“நேத்து எதுக்குடி அந்தத் தாள முடிக்காம வச்ச?”

“நீ எதுக்குக் கேக்கற?”

“சும்மாதான்.”

“இந்த ஆபீஸ்ல சும்மா யாரும் எதையும் கேக்க மாட்டாங்க.”

கண்ணாடி தம்ளரை நிரப்பினாள், குடிக்கவில்லை. டிகிரிக்குப் பொறுமை போய்விட்டது.

“‘போட்டுடலாம்’னா கொன்றுவிடலாம்னு யாரு உனக்குச் சொன்னா? சாரா?”

“யாரும் சொல்லல. போட்டுடலாம்னா போட்டுடலாம்தான். எல்லாப் படத்துலயும் அப்பிடித்தானே சொல்றாங்க? ‘அவனப் போட்டுடு’ன்னா வெட்டறதுதானே?”

“உங்க வீட்ல டீயில சக்கரய போட்டுடலாம்னா வெட்டுவீங்களா?”

“அது சக்கர. இது மனுஷன்.”

“மனுஷனப் பேச்சாளர் வரிசையில போட மாட்டாங்களா? முதல்ல இவரப் போடு, அடுத்து அவரப் போடுன்னு எந்தக் கூட்டத்துலயும் நீ கேட்டதே இல்ல?”

“நான் எந்தக் கூட்டத்துக்குடி போனேன்? கல்யாணத்தத் தவிர எங்க வீட்ல எந்தக் கூட்டத்துக்கும் அனுப்ப மாட்டாங்க.”

அதைச் சொன்னபோது கண்ணாடியின் முகத்தில் சூது எதுவும் இல்லை. டிகிரி உற்று உற்றுப் பார்த்தாள், கிடைக்கவில்லை. இத்தனை நேரமும் இவளைத்தான் எட்டப்பன் என்று மனசுக்குள் தூக்கில் போட்டுக்கொண்டிருந்தாள். இவளோ, ஊர்வலம் எப்படி இருக்கும் என்றுகூடத் தெரியாமல் சினிமாவில் தமிழ் படித்தவள். உள்நோக்கம் இல்லாமல் பத்துப் பேரைக் கொலைகாரர்களாக்கிவிட்டு, நல்ல தமிழில் அடித்துவிட்ட நிம்மதியோடு வீட்டுக்குப் போயிருக்கிறாள்.

ஆனால் கண்ணாடிக்கும் மூளை இருந்தது. புருவத்தைச் சுருக்கினாள்.

“இரு. அது பேச்சாளர் வரிசைன்னு உனக்கு எப்பிடித் தெரியும்? ஒலியில அது இல்லையே.”

டிகிரி நாக்கைக் கடித்துக்கொண்டாள். பதிலுக்கு நேரம் இல்லை. “சார் கூப்பிடறாரு” என்று ஆள் வந்துவிட்டது.

பஞ்சு சார் எழுந்து நின்று வரவேற்றார். “உக்காருங்கம்மா. காது வலி எப்பிடி இருக்கு?”

“பரவால்ல சார்.”

“அம்மா சௌக்கியமா?”

அவளுக்குப் பகீர் என்றது. இரண்டு வார்த்தையில் எல்லாம் வெளியே வந்துவிட்டது.

“நல்லா இருக்காங்க சார்.”

“குரல் கணீர்னு இருக்கு. அந்தக் காலத்து ஆளுங்க.” தாளை எடுத்து அவள் முன்னால் வைத்தார். மேல்மூலையில் வரிசை எண் அச்சாகியிருந்தது. “பயப்படாதீங்க. இது உங்க மேஜைக்குத் தப்பா வரல. நான்தான் அனுப்பினேன்.”

“ஏன் சார்?”

“வேற யாரு ‘ஒத்தது’ன்னு எழுதினாலும் வக்கீல் நூறு கேள்வி கேப்பான். பெத்த பொண்ணே கேட்டு எழுதினா அதுக்கு மேல கேள்வி இல்ல பாருங்க. உங்க அம்மாவ நாங்க சாட்சியா மாத்திக்குவோம். அவங்களுக்கு ஒண்ணும் ஆகாது, அது என் பொறுப்பு. கூட இருந்தவங்க பேர அவங்க சொன்னாப் போதும்.”

எவ்வளவு அழகாக மடித்துக் கொடுக்கிறார் என்று நினைத்தாள். அம்மா மட்டும் தப்பலாம். சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிற அக்கா, பெரியவர், அன்று சிரித்தவர்கள் எல்லாரும் உள்ளே போவார்கள். அவர்களைக் காட்டிக்கொடுத்தவள் என்று அம்மா வெளியே உயிரோடு இருப்பாள். எதிர் முனையைப் பிடிக்க ஒரு கை இல்லாமல்.

“ஒவ்வாததுன்னு எழுதினா என்ன ஆகும் சார்?”

அவர் சிரித்தார். “விதிப்படி தாளோட ஒலியும் கோர்ட்டுக்குப் போகணும். முழுசாப் போட்டுக் கேப்பாங்க. எல்லாருக்கும் வீண் அலைச்சல்.”

“முழுசான்னா, வெட்டாத ஒலியா?”

சிரிப்பு அவர் முகத்திலேயே இருந்தது, கண்ணில் மட்டும் இல்லை. “வெட்டினதுன்னு யாரும்மா சொன்னா?”

“சிரிப்பு பாதியில ஆரம்பிக்குது சார். மனுஷங்க பாதியிலேர்ந்து சிரிக்க மாட்டாங்க.”

“யோசிச்சுச் செய்ங்க. உங்க குடும்பத்துல முதல் பட்டதாரி நீங்க. எவ்வளவு கஷ்டப்பட்டு வந்திருப்பீங்க.”

அந்த ஒரு வார்த்தையை அவர் சொல்லாமல் இருந்திருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் பயந்திருப்பாளோ என்னவோ. மருந்துத் தண்ணியில் வெந்த அம்மாவின் கையைத் தொட்டுக்கூடப் பார்க்காதவன், அந்தக் கை படிக்கவைத்த படிப்பை எடுத்து அந்தக் கைக்கே விலங்கு பூட்டச் சொல்கிறான். அதுவும் ‘ங்க’ போட்டு, மரியாதையாக.

பேனாவைத் திறந்தாள். அடியில் ‘ஒவ்வாதது’ என்று எழுதினாள். அதற்குக் கீழே, ‘பேசியது: பெரியவர முதல்ல போட்டுடலாம்’ என்று எழுதும்போது கை ஒரு கணம் தயங்கியது. பள்ளிக்கூடத்திலிருந்து இப்படி எழுதினால் சிவப்பு மையில் சுழிக்கப்பட்டே வளர்ந்த கை. எழுதி முடித்தாள். ‘பொருள்: கூட்டத்தில் முதலில் பேசவைக்கலாம். பெரியவர் என்பவர் சலவைத் தொழிலாளர் சங்கத் தலைவர். ஒலியின் தொடக்கம் வெட்டப்பட்டிருக்கிறது. பேசியவர் என் தாய்’ என்று எழுதிக் கையெழுத்தைப் போட்டாள். கடைசி வரியை அவர்கள் பிறகு தோண்டி எடுப்பதற்குள் தானே சொல்லிவிடுவது நல்லது.

பஞ்சு சார் அதை நிதானமாகப் படித்தார். எண் போட்ட தாள், கிழிக்க முடியாது. “திங்கக்கிழமை நீங்க வர வேணாம்மா” என்றார். அப்போதும் குரல் உயரவில்லை.

“சரிங்க சார். ஞாயித்துக்கிழமைக்கு மட்டும் எனக்கு வேல இருக்கு.”

வெளியே வரும்போது கண்ணாடி தலையைத் தூக்கவில்லை. ஹெட்போனைக் காதில் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். எதைக் கேட்கிறாள், கேட்டு என்ன எழுதப் போகிறாள், தெரியவில்லை. தெரிந்துகொள்ள இனி வழியும் இல்லை.

அன்று இருட்டியதும் வந்து அள்ளிக்கொண்டு போவார்கள் என்று அம்மாவும் மகளும் வெளியே போகிற உடையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். தெருவில் எந்த வண்டி திரும்பினாலும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் வரவில்லை. ‘ஒவ்வாதது’ என்று எழுதிய தாளை நீட்டி அள்ள முடியாது என்பதாலா, வேறு ஏதாவது தயாராகிறதா? வராததும் பயமாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாண்டை ஒட்டிய மைதானம். மேடை என்று ஒன்றும் இல்லை, சலவைக்கூடத்துப் பழைய மேஜை ஒன்று. ஒரு மைக், இரண்டு ஸ்பீக்கர். சாலையோரம் போலீஸ் வேன் வந்து நின்றுவிட்டது. இன்ஸ்பெக்டர் அம்மாவிடம் வந்து, “அனுமதி கெடையாது. நின்னீங்கன்னா நின்னதுக்குக் கேஸ் போடுவேன்” என்றார்.

“நின்னதுக்குத்தானே? போடுங்க சார். அதுக்குத்தான் வந்திருக்கோம்” என்றாள் அம்மா. அவள் குரலில் ஏதோ பெரிய சலுகை வாங்கிவிட்ட நிம்மதி. இன்ஸ்பெக்டருக்கு அது விளங்கவில்லை. மேலிடத்திலிருந்து போன் வர வேண்டும் போல, கையில் போனை வைத்துக்கொண்டு வேனடிக்குப் போய் நின்றார்.

டிகிரி கூட்டத்துக்குள் நுழைந்தாள். அவள் போகப் போகப் பேச்சு நின்றது. சின்ன வயசில் ஈரப் போர்வைக் குவியல் மேல் அவளைத் தூக்கிப்போட்டு விளையாடிய பெண்கள், வேறு பக்கம் பார்த்தார்கள். அம்மா எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். சொல்லாமல் இருக்க முடியாது. அவளைச் சுற்றி, தண்ணீரில் எண்ணெய் விழுந்தது மாதிரி, ஒரு வட்டம் காலியானது.

இஸ்திரி அக்காதான் வாய்விட்டுச் சொன்னாள். “இவ இருக்கற எடத்துல நான் வாயத் தொறக்க மாட்டேன். காத வாடகைக்கு விட்டுப் பொழச்சவ.”

“விட்டுட்டேன்க்கா அந்த வேலய.”

“விட்டுட்டியா, விட்டு அனுப்புனாங்களா, யாருக்குத் தெரியும்?”

டிகிரிக்கு ரத்தம் கொதித்தது. அதே நேரம் மனசுக்குள் ஒரு பூச்சி ஊர்ந்தது. இவ்வளவு சத்தம் போடுகிறாளே, அன்றைக்குக் கூடத்தில் பதிவு செய்தது இவளாகவே இருந்தால்? இல்லை, அந்தப் பக்கம் ஒன்றும் பேசாமல் நிற்கிறாளே, அவளா? அந்த ஆள் இப்போதும் இங்கேதான் நிற்கிறது. கோஷம் போடும்போது சேர்ந்து போடும். அம்மாவோடு சேர்ந்து நாளைக்கும் போர்வை மடிக்கும்.

அம்மா மேஜை மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்கி வருவாள், மகள் தோளில் கை போடுவாள் என்று டிகிரி எதிர்பார்த்திருந்தால், அது நடக்கவில்லை. அங்கிருந்தே இஸ்திரி அக்காவைப் பார்த்துக் கத்தினாள்.

“வாயத் தொறக்காத. ரகசியம் பேசறதுக்கா கூடியிருக்கோம்? ஊருக்கே கேக்கணும்னுதானேடி மைக்க வாடகைக்கு எடுத்திருக்கோம்! எவன் ரெக்கார்ட் பண்றானோ பண்ணட்டும். கிட்ட வந்து நல்லாப் பண்ணச் சொல்லு.”

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். இஸ்திரி அக்கா சிரிக்கவில்லை. ஆனால் போகவும் இல்லை.

“ஏய், டிகிரி!” அம்மா அவளை அந்தப் பெயரில் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. “மரம் மாதிரி நிக்காத. கடைசிக்குப் போயி நில்லு. ஸ்பீக்கர் அங்க கேக்குதான்னு பாத்துச் சொல்லு.”

அவளை மன்னித்துவிட்டாளா, கூட்டத்துக்கு நடுவிலிருந்து அப்புறப்படுத்தினாளா, தெரியவில்லை. டிகிரி போனாள். மைதானத்தைத் தாண்டி, பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்களைத் தாண்டி, வேனுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அங்கே சாதாரண உடையில் ஒரு ஆள், சட்டைப் பையிலிருந்து போனைப் பாதி வெளியே நீட்டியபடி, எங்கேயோ பார்ப்பது மாதிரி நின்றிருந்தான்.

பெரியவர் மைக்கைப் பிடித்தார். ஸ்பீக்கர் கரகரத்தது. காற்று பாதியை அடித்துக்கொண்டு போயிற்று. சோப்பு என்ற வார்த்தை மட்டும் அரைகுறையாக வந்து சேர்ந்தது.

டிகிரி கையை உயர்த்தினாள். பக்கத்தில் நின்றவன் திடுக்கிட்டு ஒதுங்கும்படி அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

“கேக்கல! இன்னும் சத்தமா வைங்க!”